இடுப்புக்கு வேண்டிக்கொண்ட முடி

முதுகு வலி பஸ் சீட்டு வழியாகப் பரவும் என்று நான் நம்பினேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அல்ல. நாற்பது வயதைத் தாண்டி, காதோரம் நரைத்து, மகளைக் காலேஜில் சேர்த்த பிறகு. மெட்ராஸ் ஐ துண்டு வழியாக வருகிறது, படை சட்டை வழியாக வருகிறது, இடுப்பு வலி மட்டும் ஏன் ரெக்ஸின் உறை வழியாக வரக்கூடாது? எனக்கு நானே கேட்டுக்கொண்டு, ஆமாம், வரும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். வெளியே மூச்சு விடவில்லை. பெரிய கண்டுபிடிப்பாளர்கள் ஆரம்பத்தில் அப்படித்தான் இருப்பார்கள்.

அந்தச் சீட்டு ஒருவருடையது. அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் அப்போது வேலை பார்த்தோம். நான் ஸ்டோர்ஸ். அவர் கேட் பக்கம், மாங்காய் லாரிகள் வந்து நிற்கும் இடத்தில், பழம் எது காய் எது என்று பார்த்துப் பிரிக்கிற வேலை. காலையில் திருப்பதியிலிருந்து கம்பெனி பஸ் கிளம்பும். அவர் அலிபிரியில் ஏறுவார், நான் அடுத்த நிறுத்தத்தில். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் ஓர் இடம் அவருக்கென்று விடப்பட்டிருந்தது. முதுகில் ஆபரேஷன் ஆனவர் என்று எல்லோரும் சேர்ந்து கொடுத்த மரியாதை. அவர் ஏறியதும் தோள் பையைக் கழற்றி அந்தச் சீட்டில் உட்காரவைப்பார். பிறகு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். சந்திரகிரி தாண்டி, பாகாலா கிராஸ் தாண்டி, பூதலப்பட்டு தாண்டி, சித்தூர் வரைக்கும் பை உட்கார்ந்து வரும், அவர் நின்று வருவார்.

டிரைவர் தெலுங்குக்காரர். வாய் சும்மா இருக்காது. கண்ணாடியில் பார்த்து, சீட்டு காலியாகத்தானே இருக்கிறது, உட்கார் என்று தினமும் கூப்பிடுவார்.

“கூர்ச்சோ அன்னா! சீட்டு காளிகா உந்தி கதா!”

“கூர்ச்சுண்டே லேவலேனு ரா,” என்பார் இவர். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

பஸ்ஸில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘நிக்கிற அண்ணன்’ என்றால் போதும்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் சொல்வார். இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். நம்மை யாராவது அப்படிக் கேட்டால் நாம் பதிலா சொல்கிறோம்? கூரை பற்றி எரிந்தாலும் “நல்லா இருக்கேன், நீங்க?” என்போம். அவர் அப்படி இல்லை. ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர் மாதிரி கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார். பிறகு “கீது” என்பார். இருக்கிறது என்று அர்த்தம். முகத்தில் வருத்தம் எதுவும் தெரியாது. மழை பெய்கிறதா என்று கேட்டதற்கு ஜன்னலைத் திறந்து பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கும்.

“எப்டி கீதுண்ணா இன்னைக்கு?”

“கீதுப்பா. காலைல முழிச்சிக்கினப்ப வலது பக்கமா கெடந்துச்சி. இப்ப நடுவால வந்து குந்திக்கினு கீது. உங்க வூட்ல எல்லாரும் நல்லாக் கீறாங்களா?”

கேட்டவர் அதற்குள் பாதி ஓடிப்போயிருப்பார். வலி போய்விட்டது என்று காதால் கேட்பதற்காகத்தானே எல்லோரும் விசாரிக்கிறார்கள்? ஆபரேஷன் ஆகி வருஷம் தாண்டிவிட்டது, இன்னுமா என்று அவர்களுக்கு ஒரு சலிப்பு. ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். விளக்கெண்ணெய், ஒத்தடம், தரையில் படுக்கை, கட்டிலுக்குக் கீழே செங்கல். பேக்கிங் செக்‌ஷன் ஆள் ஒருவர் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்லி நச்சரித்தார். எலும்பு முறிந்தால் இந்தப் பக்கத்து ஜனம் முதலில் ஓடுவது அங்கேதானே. இவரும் போய்விட்டு வந்தார்.

“இன்னாண்ணா சொன்னாங்க?”

“எலும்பு ஒடைஞ்சா வா, கட்றோம். இது ஒடையல, வூட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாங்க. நல்ல மனுசங்கப்பா.”

அவருக்காகப் பரிதாபப்படுகிறேன் என்று யாராவது ஆபரேஷன் செய்த டாக்டரைத் திட்ட ஆரம்பித்தால் விடமாட்டார். “அவுரு மேல ஏன் போற? அவுரு மொதல்லயே சொன்னாரு. காலுல எறங்கற வலி போவும், இடுப்பு வலிக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு. நம்ம காதுல ‘போவும்’ மட்டும்தான் வுழுந்துச்சி.” நடந்ததும் அதுவேதான். ஆபரேஷனுக்கு முன்னால் இடது தொடையின் பின்பக்கமாக ஒரு சூட்டுக் கம்பி குதிகால் வரை இறங்குமாம். மயக்கம் தெளிந்தபோது அது இல்லை. இடுப்பு வலி மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை. முன்னைவிட ஒரு பிடி கூடத்தான் என்றும் ஒருநாள் சொன்னார்.

மாங்காயிடமும் அவர் இப்படித்தான். சீசன் உச்சத்தில் ஒரு விவசாயி தோத்தாபுரி ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். பாதி லோடு காய். “பழம்னு ஒரு வார்த்தை போட்டு உள்ள அனுப்புண்ணா, உனக்குப் புண்ணியமாப் போவும்” என்று கெஞ்சினார். இவர் ஒன்றை எடுத்து முகர்ந்தார், காம்புப் பக்கம் அழுத்தினார். “நாளன்னைக்கு வந்து கேளு, பழம்னு சொல்றேன். இன்னைக்குக் காயிப்பா.” விவசாயி அவருடைய பரம்பரையையே திட்டிக்கொண்டு லாரியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டினார். மதியம் பார்த்தால், இவர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அதே மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். கீழே உட்கார்ந்திருந்த விவசாயியின் தட்டில் பாதிச் சோறு இவருடையது.

இப்போது என் வீரக்கதை. ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் கூட்டம். “குந்துப்பா, சீட்டு சும்மாத்தான கீது” என்று அவரே பையை எடுத்தார். உட்கார்ந்தேன். சுகமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அதையே என் இடமாக்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்த சோப்பை எடுக்கக் குனிந்தேன். குனிந்தேனே தவிர நிமிரவில்லை. சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேள்விக்குறி மாதிரி நின்று கத்தினேன். மனைவி ஓடி வந்தாள்.

“அய்யோ, இன்னா ஆச்சி?”

“சீட்டு!” என்றேன்.

“எந்த ஏலச்சீட்டுல மாட்டிக்கினு வந்துகீற?”

எப்படி விளக்குவது? முந்தின நாள் தண்ணீர் கேன் இரண்டை ஒரே நடையில் மாடிக்குத் தூக்கிப் போனதும், பாதிப் படியில் இடுப்பில் ‘சடக்’ என்றதும் எனக்கு நினைவுக்கே வரவில்லை. நினைவில் இருந்ததெல்லாம் அந்தப் பச்சை ரெக்ஸின்தான். கட்டிலில் கிடந்தபடியே என் மீதி ஆயுளை முழுசாகப் பார்த்துவிட்டேன். எனக்கு ஆபரேஷன் நடக்கிறது. சரிவரவில்லை. பஸ்ஸில் அவருக்கு எதிர்க் கம்பியில் நான் நிற்கிறேன். டிரைவர் என்னை ‘ரெண்டோ அன்னா’, இரண்டாவது அண்ணன், என்று கூப்பிடுகிறார். மனைவியைப் பக்கத்தில் அழைத்து, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று கம்மிய குரலில் சொன்னேன்.

“சாவி என் இடுப்புலதான் கீது. மூடிக்கினு படு,” என்றாள்.

நடக்க முடிந்ததும் டாக்டரைப் பார்த்தேன். அழுத்திப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். சதைப்பிடிப்பு, படுத்தே கிடக்காதீர்கள், நடங்கள், போய்விடும் என்றார். ஸ்கேன்கூட எழுதவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு பயந்தவனுக்கு ஒரு ஸ்கேன் இல்லையா?

மறுபடி வேலைக்குப் போன முதல் நாளே அந்தச் சீட்டை விட்டுப் பத்தடி தள்ளிக் கடைசி வரிசைக்கு ஓடினேன். பின்சக்கரத்துக்கு நேர் மேலே. ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் தனியாகவும் என் இடுப்பு தனியாகவும் மேலே போய் வந்தோம். சந்திரகிரி தாண்டுவதற்குள் திருமலையில் இருப்பவரின் அத்தனை பெயரையும் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம், ஷிப்ட் விடுவதற்கு முன், ஷெட்டில் நின்ற காலி பஸ்ஸில் ஏறி, அந்தச் சீட்டை சானிடைசர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் படியில் அவர்.

“இன்னாப்பா தொடைக்கிற?”

பொய் எதுவும் கைவசம் வரவில்லை. என் கண்டுபிடிப்பை முழுசாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

“அப்ப எனக்கு எந்த சீட்டுல இருந்து வந்திருக்கும்?”

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. “யப்பா, சிரிக்க வெக்காத, சிரிச்சா வலிக்குது, ஐயோ வலிக்குதுப்பா” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கும் வலித்தது. பிறகு, அதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“எங்க வலிக்குது, காட்டு.”

காட்டினேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். “போயிடுமாண்ணா?” என்று கேட்டபோது என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் ‘ஒண்ணும் இல்லடா, போயிடும்’ என்று முதுகில் தட்டியிருப்பார்கள்.

“எனுக்குத் தெரியாதுப்பா. எனுக்குப் போவல. உனுக்குப் போவும்னு டாக்டரு சொல்றாரு. அவுரைக் கேட்டியே, அவுரை நம்பு. அந்தக் கடைசி சீட்டுல மட்டும் குந்தாத.”

மறுநாளிலிருந்து நானும் அவர் பக்கத்தில் நின்று வந்தேன். என் வலி டாக்டர் சொன்னபடியே கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் போய்விட்டது. அதை அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சம். பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு வராத பாயசத்தை நான் மட்டும் குடித்துவிட்ட மாதிரி. அவரேதான் ஒரு காலையில் நான் நிற்கும் விதத்தைப் பார்த்துக் கேட்டார். போயிடுச்சுண்ணா என்றேன். “போச்சா? நெஜமா? முழுசா?” அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. டிரைவரைப் பார்த்து “இவனுக்குப் போச்சாம்டா!” என்று தமிழிலும், புரிந்திருக்காதோ என்று மறுபடி தெலுங்கிலும் கத்தினார். பஸ் முழுக்க என் இடுப்பை வாழ்த்தியது.

வலி போன பிறகும் நான் உட்காரவில்லை. நின்று வந்தால் அவரோடு பேசலாம். அப்படி நின்று வந்த நாட்களில்தான் அவருடைய வீட்டு விஷயம் தெரிந்தது.

அவருடைய நைனா நகரிப் பக்கத்து எல்லைக் கிராமத்தில் கூலிக்கு மாங்காய் பறித்தவர். சொந்தமாக ஒரு மரம் கிடையாது. எப்போது கேட்டாலும் ‘நல்லாக் கீறேன்டா’ என்பாராம். அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே ஒருநாள் தோப்பிலேயே விழுந்து போய்விட்டார். வயிற்றில் ரொம்ப நாளாக ஏதோ இருந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்ததாம். “ஒரு தபா வலிக்குதுன்னு சொல்லியிருந்தா தூக்கிக்கினு ஓடியிருப்பேன்ல? அதான், நான் சொல்லிடறதுன்னு வெச்சிக்கினேன்.” அவ்வளவுதான் சொன்னார். பூதலப்பட்டு வந்துவிட்டது.

அவருடைய மனைவியை அண்ணி என்றுதான் நான் கூப்பிடுவேன். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். முடி இடுப்பைத் தாண்டும். ஆபரேஷன் அன்று அண்ணி திருமலைக்கு ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். இவர் இடுப்பு வலி போனால் முழு மொட்டை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இவர் இறங்கி வீட்டுக்குள் வந்ததும் முதல் கேள்வி, “இன்னாங்க, எப்டி கீது?” இவர் ஒரே வார்த்தையில் பதில் சொல்வார். அண்ணி தையல் மெஷினுக்குத் திரும்பிப் போய்விடுவார்.

“அவ முடிக்காவத்தான் நான் வலிய விடாம புடிச்சிக்கினு கீறேன்,” என்று என்னிடம் கண்ணடித்தார். ஆனால் அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசும்போது அவர் கண்ணில் சிரிப்பு இருக்காது. “வலி ஒண்ணும் பெரிசு இல்லப்பா. தெனம் அவகிட்ட அதச் சொல்றதுதான் கஷ்டமா கீது.”

விவகாரத்தைத் தீர்த்துவைக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வக்கீலாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். திருமலையில் பெண்களுக்கு ஒரு சலுகை உண்டு. முழு மொட்டை முடியாதவர்கள் மூன்று கத்திரி மட்டும் கொடுக்கலாம். நுனியில் மூன்று வெட்டு, அவ்வளவுதான்.

“அண்ணி, ஆபரேஷன்ல கால் வலி போச்சா, இல்லையா?”

“போச்சி.”

“பாதி வேலை முடிஞ்சிடுச்சி இல்ல? பாதி வேலைக்கு மூணு கத்திரி. கணக்கு சரியாப் போச்சி. இனிமே அண்ணனை தெனம் கேட்டுக்கினு இருக்காதீங்க.”

அண்ணி வாயிலிருந்த குண்டூசியை எடுத்தார். “தம்பி, நான் காலுக்கு வேண்டிக்கவே இல்ல. இடுப்புக்குத்தான் வேண்டிக்கினேன். காலை மலை மேல கீறவரு சும்மா குடுத்தாரு. அதுக்கு நான் எப்பிடி முடி குடுப்பேன்?”

வழக்கு தள்ளுபடி. அண்ணன் கதவு நிலையில் சாய்ந்து நின்றபடி எனக்குக் காபி நீட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணியின் தம்பி நாயுடுபேட்டையிலிருந்து வந்தார். அங்கே டயர் கடை வைத்திருப்பவர். அக்காள் மேல் உயிர். அவருக்குத் தெரிந்த ஒருவர் இரண்டாவது முறை முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு இப்போது புல்லட் ஓட்டுகிறாராம். “மாமா, இன்னொரு தபா பண்ணிடலாம். நான் பாத்துக்கறேன்” என்று பிடித்துக்கொண்டார். அண்ணியின் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. திருப்பதியிலேயே வேறொரு டாக்டரிடம் காட்டுவதற்கு நாளும் குறித்தாகிவிட்டது.

அண்ணனுக்கு இரண்டாவது கத்தி வேண்டாம். அது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. “மொத தபா நம்பிக்கினு படுத்தேன். இன்னொரு தபா அப்பிடி நம்ப எனுக்குத் தெம்பு இல்லப்பா,” என்றார். ஆனால் அண்ணியிடம் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வலி இருக்கிறது என்றால் ஆபரேஷன். இல்லை என்றால் அண்ணியின் முடி, அதுவும் பொய்க்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பொய்தான் வழி என்று நான் முடிவு செய்தேன். என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்குப் பொய் தண்ணீர் பட்ட பாடு. மறுநாள் பஸ்ஸிலேயே பயிற்சி ஆரம்பமானது.

“நான்தான் அண்ணி. கேக்கறேன், சொல்லுங்க. இன்னாங்க, எப்டி கீது?”

அவர் இடுப்பில் கை வைத்தார்.

“கையை எடுங்கண்ணா! உள்ள போய்ப் பாக்காதீங்க. டக்குனு சொல்லணும்.”

“இல்...” என்றார். நெற்றி வியர்த்தது. “இல்... கீதுப்பா.”

பஸ் கொல்லென்று சிரித்தது. பேக்கிங்காரர் எழுந்து நடித்துக் காட்டினார். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “அன்னா, ‘லேது’ அனு! மூணு நாள் சொல்லிப் பாரு, வந்துரும்!” என்றார். லேது என்றால் தெலுங்கில் ‘இல்லை’. அதையும் முயன்றார். “லே...” வரை வந்தது. பாகாலா கிராஸில் ஏறுகிற பெண்கள்கூட ஆளுக்கொரு முறை கேட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். சித்தூர் வந்து சேரும்வரை அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு முழு ‘இல்லை’ பிடுங்க முடியவில்லை. பயம் எனக்குத்தான். அது என் முதுகு அல்ல, என் ஆபரேஷனும் அல்ல. ஆனாலும் பயப்படுவதற்கு எனக்குச் சொந்தக் காரணம் தேவைப்பட்டதில்லை.

டாக்டரிடம் போன அன்று என்னையும் அழைத்தார்கள். பேசத் தெரிந்தவன் என்று பெயர். அறைக்குள் இரண்டே நாற்காலி. அண்ணியும் தம்பியும் உட்கார்ந்தார்கள். அண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன், ஓடுவதற்கு வசதியாக.

டாக்டர் பழைய படங்களையும் புதுப் படங்களையும் பொறுமையாகப் பார்த்தார். “இப்ப நரம்பை எதுவும் அழுத்தற மாதிரித் தெரியல. மறுபடி திறந்தா வலி போகும்னு என்னால சொல்ல முடியாது. குறையலாம், அப்படியே இருக்கலாம், கூடவும் செய்யலாம். நானா இருந்தா அவசரப்பட மாட்டேன். பயிற்சி இருக்கு, வலிக்குன்னே தனியா பாக்கற டாக்டருங்க இருக்காங்க. வலியை மொத்தமா எடுக்க முடியலன்னாலும், அதோட செய்யற வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டலாம்.”

“தாங்க முடியாத வலின்னா ஆபரேஷன் பண்ணலாம்ல சார்?” என்றார் தம்பி.

“தாங்க முடியுதா, முடியலையான்னு அவர்தான் சொல்லணும்.”

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம். தம்பி, “சொல்லு மாமா, தைரியமா சொல்லு” என்றார். அண்ணி நாற்காலியிலேயே உடம்பைத் திருப்பி, முகத்தை நிமிர்த்தி, தினமும் வீட்டு வாசலில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

“இன்னாங்க, எப்டி கீது?”

அவர் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோகவில்லை. அண்ணியையே பார்த்தார்.

“இல்ல,” என்றார்.

பஸ்ஸே சேர்ந்து பிடுங்க முடியாத அந்த வார்த்தை அப்படிச் சுத்தமாக வந்தது. டாக்டர் அவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தார். கணுக்கள் வெளுத்திருந்தன. ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார்.

“இல்லன்னு சொல்லிட்டாரு சார். ஆபரேஷன் வேணாம். அந்தப் பயிற்சிக்கு யாரைப் பாக்கணும்னு மட்டும் எழுதிக் குடுங்க.”

“அக்கா, மாமா சும்மா சொல்...” என்று தம்பி ஆரம்பித்தார்.

“உன் மாமா என்னிக்காவது பொய் சொல்லிக் கீறாரா? வா.”

தம்பி படங்களை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஊருக்கே தெரிந்த விஷயத்தை எப்படி மறுப்பது?

வெளியே வராந்தாவில் அண்ணன் அண்ணியின் பின்னாலேயே போனார். “இந்தா, நான் சொன்னது...”

“வர்ற வெள்ளிக்கெழமை மலைக்குப் போறோம்,” என்றார் அண்ணி. “முடி குடுக்கணும்.”

வெள்ளிக்கிழமை மலைக்கு நானும் கூடப் போனேன். முடி எடுக்கும் கூடமான கல்யாணகட்டாவில், தரையில் ஈரம், எங்கும் முடி, குழந்தைகளின் அழுகை. பெண்களுக்கு முடி எடுக்கும் ஒரு அம்மாள் முன்னால் அண்ணி சம்மணமிட்டு உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார். அண்ணன் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்.

“மூணு கத்திரி போதும்டி. நான் பொய் சொன்னேன். கீது. நல்லாவே கீது.”

அண்ணி திரும்பினார். “தெரியும். உங்க கையப் பாத்தேன்ல? வேண்டுதல் இன்னியோட தீந்துச்சி. இனிமே உங்க வாயால அதச் சொல்ல வெக்கமாட்டேன்.” பிறகு அந்த அம்மாளிடம் தெலுங்கில், “அந்தா தீசெய்யம்மா” என்று தலையைக் குனிந்தார். எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார்.

தலை முழுக்கச் சந்தனம் பூசிக்கொண்டு அண்ணி வெளியே வந்தபோது, அண்ணன் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து அண்ணியின் பின்கழுத்தில் ஒட்டியிருந்த முடித் துணுக்குகளைத் தட்டிவிட்டார். அதற்கு அவர் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது. அண்ணி உடனே முழங்காலை மடக்கித் தன்னைத் தாழ்த்திக்கொண்டார். நான் பிரசாதக் கடையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லை.

அடுத்த சீசன் முடிந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டேன். அதுவரை தெரிந்தது இவ்வளவு. இரண்டாவது ஆபரேஷன் நடக்கவில்லை. எழுதிக் கொடுத்த பயிற்சியை அவர் தினமும் செய்தார். கொஞ்சம் அதிக தூரம் நடக்க முடிந்தது. அண்ணி கேட்பதை நிறுத்திவிட்டு, பஸ் வரும் நேரத்துக்கு வெந்நீர்ப் பையை நிரப்பி வைத்தார். வலி போகவில்லை. அண்ணிக்கு முடி காதைத் தாண்டி வளர்ந்திருந்தது.